வீக்க அழுத்தம் ஏறவில்லையா? பென்டோனைட் சோதனையில் அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. சுற்றுவட்டார கிரஷர்களில் அந்தக் கல்லின் தூள் தாராளமாகக் கிடைக்கும். தண்ணீர் பட்டால் வீங்கும் பென்டோனைட் களிமண் மூட்டையும் பைலிங் வேலை செய்பவர்களிடமோ எர்த் குழி சாமான் விற்கும் கடையிலோ கிடைத்துவிடும். இரண்டையும் கலந்து, 'அணுக்கழிவுப் புதைப்பகத்துக்கான வீக்கக் களிமண் தடுப்பு' என்று தலைப்பு வைத்து, சேலத்து மண் ஆய்வகங்களுக்கு வரும் புராஜெக்ட் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைப்பில் தவறு இல்லை, நல்ல தலைப்புதான். ஆனால் செல்லில், அதாவது மாதிரியை அடைத்து வைக்கும் இரும்பு வளையக் கருவியில், தண்ணீர் ஊற்றிய மறுநாளே ஒருவர் வந்து, "சார், களிமண் செத்துப்போச்சு போல" என்பார். களிமண் சாவது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு தராசிலோ, தண்ணீரிலோ, பொறுமையிலோதான் இருக்கும்.

முதலில் எது சரியான நடத்தை என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் பிழை தேட முடியாது.

ஸ்வீடனும் பின்லாந்தும் எரிந்த அணு எரிபொருளைச் செம்புக் கலனில் அடைத்து, 400 முதல் 500 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் இறக்கி, கலனைச் சுற்றி அழுத்திச் செய்த பென்டோனைட் வளையங்களை வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. களிமண்ணின் தடிமன் சுமார் 35 சென்டிமீட்டர். இந்தியாவில் எரிபொருளை மறுசுத்திகரித்து, மிஞ்சும் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி வார்க்கிறார்கள். ஆழ்நிலப் புதைப்பகம் இங்கே இன்னும் கட்டப்படவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் பாறையைச் சூடேற்றிப் பார்த்த சோதனை மட்டும் நடந்திருக்கிறது.

பென்டோனைட்டில் வேலை செய்வது மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள், எதிர்மின்சுமையோடு அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் சுமையைச் சரிக்கட்ட இடையில் சோடியம், கால்சியம், மெக்னீசியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வந்ததும் முதலில் இந்த அயனிகளைச் சுற்றி ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று மூலக்கூறுகள் நுழைகின்றன. ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கான தூரம் சுமார் 1 நானோமீட்டரிலிருந்து 1.25, 1.55, 1.9 என்று படிப்படியாக ஏறும். கால்சியம் வகை ஏறத்தாழ அங்கேயே நின்றுவிடும். சோடியம் வகைக்கு இடமும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் தகடுகள் இன்னும் விலகிக்கொண்டே போகும். இடம் கொடுக்காமல் இரும்பு வளையத்துக்குள் அடைத்தால் அந்த விரிவெல்லாம் அழுத்தமாக மாறும். நீங்கள் அளக்க வந்தது அதைத்தான்.

சரி, இனி அறிகுறிகள்.

ஒரு நாள் ஆகியும் அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை

மாதிரியில் கை வைக்காதீர்கள். மாதிரிக்கு மேலும் கீழும் வைக்கும் நுண்துளைக் கற்களைக் கொதிக்க வைத்தீர்களா என்று பாருங்கள். காய்ந்த கல்லை அப்படியே வைத்தால் துளைகளில் காற்று சிக்கி, தண்ணீர் மாதிரியைத் தொடவே தொடாது. மேல் கல்லுக்கும் சுமைத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் முள் சும்மா நிற்கும். களிமண் முதலில் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டுத்தான் தள்ள ஆரம்பிக்கும். தண்ணீர் விடுவதற்கு முன் சிறிய உட்காரும் சுமை ஒன்று கொடுத்து, முள் பூஜ்யத்திலிருந்து லேசாக நகர்வதைப் பார்த்துக்கொண்டால் இந்தச் சந்தேகம் வராது.

இவை சரியாக இருந்தும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் அது பிழையே இல்லை. தண்ணீர் பட்ட முகம் உடனே கூழாகி, பின்னால் வரும் தண்ணீருக்கு வழியை அடைக்கிறது. தடுப்பாக இதை வைப்பதே அதற்காகத்தானே! துளைகளெல்லாம் தண்ணீரால் நிறைவுற்ற கெட்டிப் பென்டோனைட்டில் நீர் கடத்துதிறன் வினாடிக்கு 10⁻¹³ மீட்டர் அளவில்தான் இருக்கும். ஊறும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது: 10 மி.மீ. மாதிரி ஒரு வாரம் எடுத்தால் 20 மி.மீ. மாதிரி நான்கு வாரம் எடுக்கும். புராஜெக்ட் தேதி நெருங்கினால் மெல்லிய மாதிரி செய்யுங்கள், அல்லது மேலும் கீழும் இரண்டு பக்கமும் தண்ணீர் விடுங்கள். அழுத்தித் தண்ணீரைப் புகுத்தலாமா என்று கேட்பார்கள். காய்ந்த களிமண்ணின் உறிஞ்சுவிசையே பத்துக்கணக்கான மெகாபாஸ்கல் இருக்கும். உங்கள் மேல்தொட்டியின் அழுத்தம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஏறியது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை

அதிகமாக வரும் புகார் இது. வரிசையாகப் பாருங்கள்.

முதல் கேள்வி: எடை போட்டது எந்தத் தூளை? மூட்டையிலிருந்து அள்ளிய பென்டோனைட் பார்வைக்கு விபூதி மாதிரி காய்ந்திருக்கும். 105 பாகை ஓவனில் ஒரு நாள் வைத்து எடுத்தால் 8 முதல் 12% வரை எடை போய்விடும். காற்றிலிருந்தே அவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது. ஐப்பசி மழை நேரத்தில் மூட்டை திறந்து கிடந்தால் இன்னும் கூடும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 60 மி.மீ. விட்டம், 20 மி.மீ. உயரமுள்ள வளையத்தின் கொள்ளளவு 56.5 கன செ.மீ. உலர் அடர்த்தி (ஒரு கன செ.மீ.-க்குள் இருக்கும் உலர்ந்த களிமண், கிராமில்) 1.6 வேண்டுமென்றால் உலர்ந்த களிமண் 90.5 கிராம் வேண்டும். மூட்டைத் தூளில் ஈரம் 10% என்றால் 99.5 கிராம் எடுத்திருக்க வேண்டும். மாணவர் 90.5 கிராமையே எடுத்து அழுத்திவிடுகிறார். உள்ளே இருக்கும் உலர்ந்த களிமண் 82.3 கிராம்தான், உண்மையான உலர் அடர்த்தி 1.45. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வீக்க அழுத்தம் அடர்த்தியோடு நேர்க்கோட்டில் ஏறாது, அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். 1.6-ல் 6, 7 மெகாபாஸ்கல் காட்ட வேண்டிய களிமண் 1.45-ல் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் ஒரு குறையும் இல்லை, தராசில் வைத்த 8 கிராம் தண்ணீர்தான் காரணம்.

ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தை மேசையில் ஆற வைப்பதும் இதே தவறின் தம்பி. ஆறும்போதே ஈரத்தை மறுபடி இழுக்கும். ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் ஆற வையுங்கள்.

இரண்டாவது, மாதிரியை மேலே எழவிடாமல் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தின் நெகிழ்வு. மேலே சொன்ன வளையத்தின் பரப்பில் 7 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 20 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன் தள்ளு. சாதாரண சட்டம் அந்தச் சுமைக்கு வளைந்து கொடுக்கும். புரூவிங் ரிங்கோ, அமுங்கினால்தான் சுமையையே காட்டும் கருவி. மாதிரி 0.2 மி.மீ. மட்டும் உயர்ந்தாலும் கன அளவு 1% கூடி, அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். மண் சோதனைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2720 பகுதி 41-ல் உள்ள மாறாக் கன அளவு முறை, மாதிரி உயர உயர அதைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து வைக்கச் சொல்கிறது. பகலில் செய்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யார் வந்து திருப்புவது? தடித்த தகடும் தடித்த போல்ட்டும் கொண்ட செல், அதில் சுமையை அளக்கும் லோட் செல் என்று மாற்றிக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் டயல் கேஜ் காட்டிய உயர்வைக் குறித்துவைத்து, உண்மையில் இருந்த அடர்த்தியை அறிக்கையில் போடுங்கள், அது போதும்.

மூன்றாவது, கலவைக்கான ஒப்பீடு. கிரஷர் தூள் கலந்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். 70 பங்கு பென்டோனைட், 30 பங்கு சார்னோக்கைட் தூள், மொத்த உலர் அடர்த்தி 1.7 என்று வைத்துக்கொள்வோம். கல் வீங்காது, இடத்தை மட்டும் பிடிக்கும். ஒரு கன செ.மீ.-க்குள் கல் 0.51 கிராம், ஒப்படர்த்தி 2.7 என்றால் 0.19 கன செ.மீ. இடம் அதற்குப் போய்விட்டது. மீதி 0.81-க்குள் களிமண் 1.19 கிராம். களிமண்ணின் சொந்த அடர்த்தி 1.47தான். தூய பென்டோனைட்டின் 1.7 அளவோடு ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். 1.47-க்கு உரிய மதிப்போடு ஒப்பிடுங்கள்.

நான்காவது, நுண்துளைக் கல்லைச் சுற்றிக் களி பிதுங்குவது. வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டிருந்தால் களிமண் அதன் வழியாக வெளியே வரும். வெளியே போன கிராம் கணக்கில் அடர்த்தியும் போகும். கல்லை மாற்றுங்கள்.

இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் தூளின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டும். எர்த் குழிக்கென்று விற்கும் மூட்டை எல்லாம் ஒரே சரக்கு அல்ல. மலிவான கால்சியம் வகை, சோடா கலந்து சோடியம் வகையாக மாற்றியது, வேறு ஏதோ சேர்த்தது என்று கலந்துகட்டி வரும். ஒரே மூட்டையில் மொத்தப் புராஜெக்ட்டையும் முடித்துவிடுங்கள். பாதியில் புது மூட்டை வாங்கினால் பழைய தூளோடு ஒரு சோதனையாவது சேர்த்துச் செய்யுங்கள்.

சிலிண்டரில் வீங்கவே இல்லை, ஆனால் கடைக்காரர் நல்ல சரக்கு என்கிறார்

அளவு சிலிண்டர் தண்ணீரில் தூளைத் தூவி, தடை இல்லாமல் எவ்வளவு வீங்குகிறது என்று பார்க்கும் சோதனை இது. எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?

ஊருக்கு ஒரு பக்கம் வெள்ளைக்கல் கரடு, அதாவது மேக்னசைட். கீழே கடினப் பாறை. நம் ஊர் போர் தண்ணீரின் கடினத்தன்மை குக்கரின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் உள்ள தண்ணீரில் சோடியம் பென்டோனைட்டைப் போட்டால் இரட்டைச் சுமையுள்ள அந்த அயனிகள் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். தகடுகள் அதற்கு மேல் விலகாது.

எவ்வளவு பாதிக்கும் என்பது எவ்வளவு தண்ணீர், எவ்வளவு களிமண்ணைச் சந்தித்தது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கத் தரவிதியான ஏ.எஸ்.டி.எம். டி 5890 முறையில் 2 கிராம் களிமண்ணை 100 மி.லி. தண்ணீரில் தூவுகிறோம். அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது தகடுகளுக்கு நடுவே அயனிகளுக்கு உள்ள இருக்கைகள், 100 கிராமுக்கு 80 மில்லி ஈக்விவலன்ட் (மின்சுமைக் கணக்கில் அயனிகளின் அளவு) என்று எடுத்தால் 2 கிராமில் 1.6. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் அந்த 100 மி.லி.-க்குள் 1 மில்லி ஈக்விவலன்ட் கால்சியம், மெக்னீசியம் இருக்கிறது. களிமண்ணின் இருக்கைகளில் பாதிக்கு மேல் பறிக்கப் போதுமான கூட்டம். நல்ல சோடியம் பென்டோனைட் 24 மி.லி.-க்குக் குறையாமல் எழும்ப வேண்டிய இடத்தில் சோர்ந்து கிடப்பது இதனால்தான்.

இப்போது அதே தண்ணீரை அழுத்திய மாதிரிக்கு விடுங்கள். உள்ளே 90 கிராம் களிமண், 72 மில்லி ஈக்விவலன்ட் இருக்கைகள். நிறைவதற்கு அது குடிக்கப்போவது சுமார் 15 மி.லி. தண்ணீர். அதில் வருவது 0.15. ஒன்றும் ஆகாது. செல்லைச் சுற்றிய அரை லிட்டரும் முழுதாக உள்ளே பரவினால்கூட 5தான். ஆக, சிலிண்டரில் தோற்ற தண்ணீர் செல்லில் தோற்காது. 'போர் தண்ணீரால் வீக்க அழுத்தம் பாதியாகிவிட்டது' என்று யாராவது எழுதியிருந்தால் மேலே சொன்ன தராசுக் கணக்கை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இதை இன்னும் ஒரு படி நீட்டினால் சிலிண்டர் சோதனையை வைத்து மட்டும் தடுப்புக் களிமண்ணைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை என்று தெரியும். சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் சுரங்கத்தில் களிமண் தடுப்பைச் சூடேற்றிப் பார்த்த பெபெக்ஸ் சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஸ்பெயினின் கால்சியம்–மெக்னீசியம் பென்டோனைட். உலர் அடர்த்தி 1.6-ல் அதன் வீக்க அழுத்தம் சுமார் 6 மெகாபாஸ்கல். கெட்டியாக அழுத்தி அடைத்துவிட்டால் மூன்று வரிசைத் தண்ணீருக்கு மேல் யாருக்கும் இடமே கிடையாது. அங்கே கால்சியத்துக்கும் சோடியத்துக்கும் பெரிய பேதம் இல்லை. ஆனால் பாறை வெடிப்பு வழியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதுப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் இடம் வேறு கதை. மொத்த இருக்கையும் மெல்ல மாறும், ஓரங்களில் களிமண் கரைந்து போகவும் கூடும். அதற்கு ஆறு மாதப் புராஜெக்ட்டில் பதில் தேட வேண்டாம்.

செய்ய வேண்டியது: ஒரே தூளை மூன்று சிலிண்டரில், வாலை வடிநீர், மேட்டூர் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் என்று வைத்துப் பாருங்கள். வாலை வடிநீர் கிடைக்கவில்லையென்றால் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் ஆகும். கேன் தண்ணீரை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தண்ணீர் சரியாக இருந்தும் கட்டி கட்டியாக மிதக்கிறது, மட்டம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் தூளை மொத்தமாகக் கொட்டியிருக்கிறீர்கள். உப்புமாவுக்கு ரவையைத் தூவுவது போலத் தூவ வேண்டும், அதுவும் 0.1 கிராம் தூவி, பத்து நிமிடம் விட்டு, அடுத்த 0.1 கிராம். இரண்டு கிராமுக்கு அரைநாள் வேலைதான், வேறு வழி இல்லை. ஐ.எஸ். 2720 பகுதி 40-ன்படி செய்பவர்கள் இன்னொன்றைப் பாருங்கள்: சாதாரண மண்ணுக்கு 10 கிராம், 100 மி.லி. சிலிண்டர். சோடியம் பென்டோனைட்டை அப்படிப் போட்டால் இடம் போதாது. 5 கிராம் எடுக்கலாம், அல்லது 250 மி.லி. சிலிண்டர் வைக்கலாம் என்று அந்த விதியிலேயே இருக்கிறது.

ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

விட்டுவிடுங்கள். செல் கசியவில்லை. தூளை அழுத்தும்போது குருணைகளுக்கு நடுவே பெரிய துளைகள் மிஞ்சியிருக்கும். முதலில் குருணைகள் வீங்கித் தள்ளும், பிறகு நனைந்து மெதுவாகிப் பெரிய துளைகளுக்குள் சரியும், அப்புறம் மொத்தமும் சேர்ந்து வீங்கும். அந்த இரட்டைத் திமில் பல ஆய்வகங்களில் பார்க்கப்பட்ட ஒன்று. வரைபடத்தை அழகாக்குவதற்காக அந்தப் பள்ளத்தை அழித்துவிட்டுக் கோடு போடாதீர்கள். உங்கள் அறிக்கையின் நல்ல பக்கமே அதுதான்.

பகலில் ஏறுகிறது, இரவில் இறங்குகிறது

இது வேறு. தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் நீங்கள் அளப்பது களிமண்ணை அல்ல, சித்திரை வெயிலை. தகர ஷீட் போட்ட ஆய்வகத்தில் இரும்புச் சட்டமும் லோட் செல்லும் சூட்டில் விரியும். பக்கத்திலேயே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். தினமும் காலை ஏழு மணி அளவை மட்டும் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். செல்லின் தண்ணீர் மட்டத்தையும் அப்போதே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆவியாகி, மேல் கல் காய்ந்து, திங்கள்கிழமை 'வீக்கம் நின்றுவிட்டது' என்று வருபவர்கள் உண்டு.

வெட்டிப் பார்த்தால் நடுவில் இன்னும் காய்ந்திருக்கிறது

அழுத்தம் நிலைத்துவிட்டது, ஆகவே நிறைவுற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதிரியை ஐந்தாறு வில்லைகளாக அறுத்து ஒவ்வொன்றின் ஈரத்தையும் தனித்தனியாக எடுங்கள். உலர் அடர்த்தி 1.6, ஒப்படர்த்தி 2.75 என்றால் நிறைவில் 26% இருக்க வேண்டும். ஓரத்தில் 26, நடுவில் 17 என்றால் நேரம் போதவில்லை. பெபெக்ஸில் 1997-ல் சூடேற்ற ஆரம்பித்து 2015-ல் முழுதாகப் பிரித்தார்கள். பதினெட்டு ஆண்டு ஆன பிறகும் சூடேற்றிக்குப் பக்கத்துக் களிமண் முழுதாக நிறையவில்லை. ஆனால் கட்டிகளுக்கு இடையிலிருந்த இடைவெளிகள் மூடிக்கொண்டிருந்தன.

நிறைவு 103, 104% என்று வந்தால் பதறாதீர்கள். தகடுகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்த தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக் கணக்குப் போடுவதால் வரும் மிகை அது. 115 வந்தால் கன அளவைத் தப்பாக அளந்திருக்கிறீர்கள். செல்லைத் திறந்ததும் மாதிரி விரியும், அதனால் உடனே அளந்துவிட வேண்டும்.

சூடேற்றிய பக்கம் சுருங்கி வெடிக்கிறது

புதைத்த கலன் சூடாக இருக்கும். ஸ்வீடன் வடிவமைப்பில் களிமண் 100 பாகையைத் தாண்டக் கூடாது. உங்கள் செல்லிலும் சூடான பக்கத்து ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த பக்கம் போய்ச் சேரும். சூடான ஓரம் சுருங்கி வெடிப்பது எதிர்பார்க்க வேண்டியதே. சோதனையை நிறுத்தாமல், குளிர்ந்த பக்கத்திலிருந்து தண்ணீர் வந்து சேரும் வரை விட்டு, வெடிப்பு மூடுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தரவே தராமல் சூடேற்றிவிட்டு 'வெடித்தது' என்று மட்டும் எழுதினால் பாதிச் சோதனைதான்.

ஆய்வக சிங்க் அடைத்துக்கொண்டது

வேறு யாரும் அல்ல, நீங்கள்தான். சிலிண்டரைக் கழுவி ஊற்றிய பென்டோனைட் குழாய் வளைவில் போய் உட்கார்ந்து வீங்கியிருக்கிறது. மேலும் தண்ணீர் விட்டால் மேலும் வீங்கும். கீழே உள்ள வளைவுக் குழாயைக் கழற்றிக் கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்த முறை மிச்சக் கூழைப் பழைய தட்டில் ஊற்றி மாடி வெயிலில் வையுங்கள். நான்கு நாளில் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். அதைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடலாம்.